படையலுக்குப் பற்றவைத்த பைப்பு

12 ஜனவரி 2025, ஞாயிறு

புது டைரி. பம்புக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. முதல் பக்கத்தில் நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தேன்.

பெரிய பேரன் உதய், ஜெர்மனியில் கார் கம்பெனி எஞ்சினியர். போன மாதம் அவனுக்குக் கீழே ஒரு குழுவையே கொடுத்திருக்கிறார்கள், எல்லாம் வெள்ளைக்காரர்கள். அவன் தங்கை மானசா பல் டாக்டர். பீளமேட்டில் சொந்தமாகக் கிளினிக், வாசலில் அவள் பெயர் போட்ட பித்தளைப் போர்டு. நான்தான் துணி கட்டித் திறந்து வைத்தேன். மகள் வயிற்றுப் பேரன் ரவிதேஜா ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தான்; அவன் அப்பா மூன்று தடவை எழுதியவர். அவன் தங்கை ஷ்ரவ்யா துப்பாக்கி சுடுவதில் மாநிலத்துக்கே இரண்டாவது. முதலாவது வந்த பெண்ணுக்குக் காற்று நல்லபடியாக அடித்ததாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

நான் அஞ்சாவது. அன்னூர் பக்கம் எங்கப்பா தோட்டத்தில் புகையிலை. செடி நுனியில் கொண்டை கிள்ள ஆள் பற்றவில்லை என்று ஆறாவதுக்கு அனுப்பவில்லை. வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவோம்; பேரப்பிள்ளைகளுக்கு நான் அவ்வா. எழுத வருவது தமிழ் மட்டும். அதுவும் போதும்.

இத்தனை பேரும் நான் தூக்கி வளர்த்தவர்கள். ஆனால் இதே வீட்டில் சாயங்காலம் நான் புகையிலை அடைத்து ஒரு பைப்பு பிடித்தால் மட்டும் தடதடவென்று ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

சாத்தட்டும்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பண்டிகை என்பதால் இரண்டு தரம் பிடித்தேன்.

17 ஜனவரி, வெள்ளி

இது எப்படி வந்தது என்று ஒரு தரம் எழுதி வைக்கிறேன். கிழவிக்குப் புத்தி பிசகித்தான் ஆரம்பித்தது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

என் வீட்டுக்காரர் சுந்தரராஜுலு பைப்பு பிடிப்பார். வால்பாறை எஸ்டேட்டுகளில் தேயிலை மிஷின் ரிப்பேருக்குப் போய் வந்த காலத்தில் அங்கே ஒரு மேனேஜரிடம் பழகியது. அவர் இருந்தவரை சாம்பல் தட்டிக் கொடுத்ததோடு சரி, நான் வாயில் வைத்ததில்லை. அவர் போய், முதல் அமாவாசைக்குப் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைக்க வேண்டுமே. மட்டன் வறுவல், ஓமப்பொடி, அரை டம்ளர் பிராந்தி, கடைசியாகப் பைப்பு.

“பத்த வெக்காம வெச்சா அப்பா எப்படிம்மா குடிப்பாரு?” என்றான் மகன் அரங்கசாமி.

நியாயம்தான். தீக்குச்சியைக் காட்டினான். மேலே கருகி அணைந்தது. மறுபடி காட்டினான், மறுபடி அணைந்தது. ஊதுபத்தி மாதிரி இல்லை அது. ஒருவர் வாயில் வைத்து இழுத்தால்தான் பிடிக்கும். யார் இழுப்பது? அரங்கசாமிக்கு நெஞ்சில் ஸ்டென்ட். ரவிதேஜா ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மருமகள் பிரேமலீலா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். காக்காய் சுவரில் வந்து உட்கார்ந்தாயிற்று. சோறு ஆறுகிறது.

“இங்க குடு” என்றேன்.

இழுத்தேன். பைப்பின் கிண்ணத்துக்குள் சிவப்பாக ஒரு கண் திறந்தது. படத்துக்கு முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. “மாமாவுக்கு அணைஞ்சு போச்சுங்க அத்தை” என்று பிரேமலீலாவே சொன்னாள். மறுபடி இழுத்தேன். அன்றைக்கு அவர் குடித்ததைவிட நான் குடித்ததுதான் அதிகம்.

அமாவாசைக்கு அமாவாசை என்று இருந்தது, பிறகு வெள்ளிக்கிழமைக்கும் வந்தது. அப்புறம் கிழமை பார்ப்பதையே விட்டுவிட்டேன். நாலு வருஷமாக வீட்டில் எல்லோரும், “அவ்வா தாத்தாவுக்காகப் பத்த வெக்கறாங்க” என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நானும் ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் அவர்களுக்குச் சோறு இறங்குகிறது.

20 ஜனவரி, திங்கள்

ஆட்டோ பிடித்து ஒப்பணக்காரத் தெரு. சந்துக்குள் அக்பர் அலி கடை. முன்னால் அத்தர் பாட்டில்கள், பின்னால் புகையிலை. என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து அங்கேதான்.

“வாங்கம்மா. ஏனுங்க, அய்யாவுக்கு இப்பவெல்லாம் வாரத்துக்கு ஒரு அமாவாசை வருதாட்டங்குதுங்களே?”

“அவரு அங்க போயும் அடங்கலீங்க பாய்.”

“அங்க நம்ம சரக்கு கெடைக்காதுங்கம்மா. அதுதான் அய்யா இங்கிருந்தே வரவழைக்கிறாரு.”

புதிதாக ஒன்று வந்திருக்கிறது, செர்ரிப் பழமும் வெனிலாவும் சேர்த்தது என்று ஒரு டப்பாவைத் திறந்தார். மூடி எழும்பியதும் கடையில் இருந்த அத்தர் எல்லாம் ஓரமாய்ப் போய்விட்டது. ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தேன். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பொடிந்தால் செத்த இலை. அமுக்கி விட்டதும் தூங்கி எழுந்தவன் மாதிரி மெதுவாகத் தளர வேண்டும்.

“ஈரமா இருக்குதுங்களே?”

“பேப்பர்ல பரத்திப்போட்டு ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்கம்மா. சரியாயிரும்.”

டப்பாவின் மேல் அழுகிய வாய்ப் படம். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. நானும் பார்த்தேன். தெரியாமல் செய்கிறவள் இல்லை நான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.

23 ஜனவரி, வியாழன்

புதுசு நன்றாக இருக்கிறது. சும்மா நன்றாக இல்லை, அருமை!

கிண்ணத்தில் அடியில் லேசாக, மேலே வர வரக் கொஞ்சம் இறுக்கமாகப் போட வேண்டும். முதல் தீ காட்டினால் இலை பொங்கி எழும். அதை அமுக்கிவிட்டு இரண்டாம் தீ. முதல் பத்து இழுப்பில் வெனிலா. ஐஸ்காரன் வண்டி மூடியைத் திறந்ததும் மூக்கில் வந்து மோதுமே, அந்தக் குளிர்ந்த இனிப்பு. செர்ரி அதற்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறது, லேசான புளிப்பு. பாதிக்கு வந்ததும் மேலே தடவிய பூச்செல்லாம் போய் இலை பேச ஆரம்பிக்கும். காய்ந்த சோளத்தட்டு, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் மண். எனக்குப் பிடித்தது இந்த நடுப்பாகம்தான். கடைசியில் கருகிய கருப்பட்டிக் கசப்பு. அதை விட்டுவிட வேண்டும், பேராசை கூடாது. நெஞ்சுக்குள் இறக்குவதில்லை. வாயில் வைத்துக் கன்னத்தில் உருட்டி, மூக்கு வழியாகக் கொஞ்சம், உதட்டு வழியாக மிச்சம். அவசரமாக இழுத்தால் சுடுபுகை நாக்கைக் கடித்துவிடும். கோபத்தோடு பைப்பைத் தொடக் கூடாது.

ஒரு வேடிக்கை. இதன் வாசம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்; ருசிதான் பிடிப்பவருக்கு. நேற்று பக்கத்து வீட்டு மோகனப்பிரியா மதிலுக்கு அந்தப்புறம் இருந்து, “ஏனுங்கம்மா, கேக்கு சுடறீங்களா?” என்று கேட்டாள். என் வாயில் அப்போது இனிப்பே இல்லை.

புகையிலையில் பொம்பளை கை படாத வேலை எது? நாற்று நட, கொண்டை கிள்ள, பக்கக் கொழுந்து ஒடிக்க, இலையைக் கோத்துக் காயப்போட, கருப்பட்டித் தண்ணி தெளிக்க, எல்லாம் நாங்கள். பிசின் விரலில் ஏறினால் சாயங்காலம் சோறு கசக்கும். எங்கப்பா தோட்டத்துக் கசப்பு முழுக்க என் விரலில் இருந்தது. ருசி என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. விடுவேனா?

26 ஜனவரி, ஞாயிறு

நானே வாசம் சேர்த்துப் பார்ப்போம் என்று கருப்பட்டிப் பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டு, கொஞ்சம் இலையைப் பிசறி வைத்தேன். பற்ற வைத்ததும் தாளிப்பு மாதிரிச் சடசடத்தது. வாயெல்லாம் பிசுபிசுப்பு, நாக்கில் கொப்புளம். அலி பாயிடம் சொல்லக் கூடாது.

29 ஜனவரி, புதன்

தை அமாவாசை. படையல் ஆயிற்று, அவருக்கும் எனக்கும்.

சாப்பிட்ட பிறகு பிரேமலீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கால் பிடிக்கட்டுமா என்றாள். அப்போதே தெரிந்தது, ஏதோ இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மானசாவைப் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் மில், நம் ஜனம்தான், பையன் பெயர் வம்சி. நல்ல இடம்.

“அத்தை, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் மதுக்கரைக்கு உங்க மக ஊட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?”

“என் பேத்தியப் பாக்க வர்றப்ப நான் மதுக்கரையில சிமெண்டுத் தூசி தின்னுட்டு உக்காந்திருக்கோணுமா?”

“அதுக்கில்லீங்க. உடுமலைப்பேட்டை எடம் கை உட்டுப் போனதுலயிருந்து எனக்குப் பயமுங்க. எதப் பாத்து என்ன சொல்லுவாங்களோன்னு…”

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பெற்றவள்தானே. அவர்கள் இருக்கும்போது பைப்பை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். மதுக்கரைக்குப் போக மாட்டேன் என்றும் சொன்னேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்துக்கே வந்துவிட்டார்கள். நான் காலைப் பைப்பை முடித்து, பல் தேய்த்து, பட்டு கட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வாசம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

பையனின் அம்மா கனகதுர்கா உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, என்னங்க இது வாசம்! கோயிலுக்குள்ள வந்தாப்பல இருக்குதுங்களே!”

பிரேமலீலா முகம் வெளுத்தது. “சாம்பிராணிங்க” என்றாள். “அத்தை, மாமா படத்துக்குப் போடறதுங்க. டவுன்ல ஒரு கடையில ஸ்பெஷலா வாங்கறது.”

“எங்க மில்லுல எந்நேரமும் எண்ணெக் கசண்டு நாத்தமுங்க. வெள்ளிக்கிழமை பூசைக்கு இதப் போட்டா லட்சுமி தானா வந்து உக்காந்துக்குவா!”

நான் மானசாவைப் பார்த்தேன். அவள் காப்பித் தட்டோடு தரையைப் பார்த்தாள், தோள் குலுங்கியது. பெண் பார்க்க வந்த நிமிஷத்தில் நான் என்ன பேசுவது? பையன் வந்து காலில் விழுந்தான். நல்ல முகம், கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அவர்கள் போன பிறகு பாட்டிலை எடுத்தால் பாதி இல்லை. என் செர்ரி வெனிலா! பிரேமலீலா பெரிய வெள்ளிச் சிமிழில் போட்டு அந்த அம்மா கையில் கொடுத்தனுப்பிவிட்டாளாம்.

“அத நெருப்புல போட்டா என்னாகும் தெரியுமா?”

“வாசமாத்தானே இருக்குதுங்க அத்தை?”

“அது மேல தடவுன வாசம். நெருப்புல மொதல்ல போறது அதுதான். அப்புறம் வெறும் எலைதான் எரியும்.”

“அவங்க எங்கீங்க போடப் போறாங்க. பீரோவுல வெச்சு மறந்துருவாங்க.”

8 பிப்ரவரி, சனி

மறக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை மில்லில் பூசை. வேலைக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க, தேங்காய்த் தொட்டிக் கரியைக் கணகணவென்று மூட்டி, என் புகையிலையை ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார் அந்த அம்மா. முதலில் வாசம் வந்ததாம், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அப்புறம் மில்லே இருமியிருக்கிறது.

இன்று காலை பிரேமலீலாவுக்குப் போன். என்னங்க குடுத்தீங்க என்று கேட்டார்களாம். இவள், விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். உடனே ஹாலில் பஞ்சாயத்து. மானசா கிளினிக்கில் இருந்தாள்.

“கடையில மாத்திக் கட்டிட்டாங்கன்னு சொல்லிப்போடலாமுங்க. அத்தையும் ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க” என்றாள் பிரேமலீலா.

அக்பர் அலி நாற்பது வருஷமாக ஒரு சிட்டிகை மாற்றிக் கொடுத்தவர் இல்லை. அவர் தலையில் போடுவதா?

“அது வேண்டாம்னா, அப்பாவுக்குப் படையல்ல வெக்கறதுன்னு சொல்லிரலாம்” என்றான் அரங்கசாமி. “அது ஓரளவு நெசந்தானே. நீங்க குடிக்கறத மட்டும் சொல்ல வேண்டாம்மா.”

ஓரளவு நெசம்! செத்துப்போன மனுஷன் முதுகுக்குப் பின்னால நான் எதுக்கு ஒளியோணும்? நான் என்ன திருடினேனா? ஊரைக் கெடுத்தேனா? என் வாய், என் பைப்பு. எழுபத்து நாலு வயசுல எனக்குன்னு ஒரு ருசி இருக்கக் கூடாதா? — எழுத்து கோணலாப் போகுது. போகட்டும்.

நானே போனை வாங்கி நம்பரைப் போட்டேன்.

“அம்மணி, மானசா பாட்டி பேசறேன். அது சாம்பிராணி இல்லீங்க. பைப்புல போட்டுப் புடிக்கற புகையிலை. கடைக்காரரு மேல தப்பு இல்ல.”

 அந்த அம்மா மெதுவாக, “உங்க ஊட்டுக்காரருக்கு வெக்கறதுங்களா?” என்று கேட்டார்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது. கதவைத் திறந்து வைக்கிறார், நான் நுழைந்துகொள்ளலாம். அரங்கசாமி எதிரில் நின்று ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டுகிறான்.

“அவருக்கு இல்லீங்க. எனக்கு. தெனமும் புடிக்கறேன். ருசியா இருக்குதுங்க.”

போன் வைக்கப்பட்டது. பிரேமலீலா அழுதுகொண்டே உள்ளே போனாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பிரேமலீலா பேசவில்லை. காப்பி மட்டும் வருகிறது. சர்க்கரை இல்லாமல்.

12 பிப்ரவரி, புதன்

காங்கேயத்திலிருந்து ஒன்றும் இல்லை.

இன்றைக்குப் பைப்பு கசக்கிறது. வேகமாக இழுக்கிறேன் போல. அந்தக் குழந்தைக்கு வந்த நல்ல இடத்தை என் வாயாலேயே ஊதிவிட்டேனோ? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

குறைந்திருக்கும். எது என்று சொல்லத் தெரியவில்லை.

15 பிப்ரவரி, சனி

மானசா கிளினிக்கிலிருந்து வந்ததும் டார்ச் லைட்டோடு என் அறைக்கு வந்தாள்.

“வாயத் தொறங்க அவ்வா. நாக்கத் தூக்குங்க. இந்தப் பக்கம்… ம். ஒண்ணுமில்ல.”

“எம்மேல கோவமா கண்ணு?”

“புகையிலை மேல கோவம். எத்தனை வாய்ல என்னென்ன பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது. உங்க வாய்லயும் அதப் பாக்க வெச்சீங்கன்னா உங்கள நான் மன்னிக்கவே மாட்டேன். ஆனா நீங்க போன்ல சொன்னதுக்குக் கோவமில்ல.”

“எடம் போச்சே.”

“போனாப் போகட்டும். கட்டிக்கிட்டுப் போயி, ஆயுசுக்கும் நான் அங்க சாம்பிராணின்னு சொல்லிட்டு இருக்கோணுமா?” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பையன் மெசேஜ் பண்ணினான். மில்லுல எல்லாரும் இருமுன வீடியோ.”

“சிரிச்சயா?”

“கீழ விழுந்து சிரிச்சேன்.”

போகும்போது டாக்டர் குரலில் உத்தரவு. ஒரு நாளைக்கு ஒரு பைப்பு மட்டும். மாதம் தவறாமல் வாயைக் காட்ட வேண்டும். நாலு வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் என் பைப்பை என்னுடையது என்று வைத்துப் பேசியதில்லை. இவள்தான் முதல். சரி என்றேன்.

கிண்ணத்தின் அளவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து பெரிய பைப்பை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

27 பிப்ரவரி, வியாழன்

அமாவாசை. வாழையிலை போட்டாயிற்று. வறுவல், ஓமப்பொடி, பிராந்தி. அரங்கசாமி தொண்டையைச் செருமினான்.

“அம்மா, இந்தத் தடவை பைப்பு வேண்டாமே.”

“வேண்டாம்” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சண்டைக்குத் தயாராக வந்தவன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“அவரு பேரச் சொல்லி நாலு வருஷம் நான் குடிச்சாச்சு. இனி எதுக்கு அவரு பேரு? அவருக்கு ஓமப்பொடி போதும்.”

காக்காய் எடுத்தது. எல்லோரும் சாப்பிட்டோம். வழக்கமாகப் பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில்தான் உட்கார்வேன். இன்றைக்கு நாற்காலியை எடுத்து வந்து முன்னால் போர்டிகோவில், தெருவைப் பார்த்துப் போட்டேன். நிதானமாக அடைத்துப் பற்ற வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவர், கிளப்பாமல் நின்றார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஆச்சுங்கம்மா” என்றார். போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை.

நடுப்பாகம் இன்றைக்குப் போல என்றைக்கும் வந்ததில்லை.

2 மார்ச், ஞாயிறு

கொஞ்சம் பெரிதாக எழுத வேண்டிய நாள்.

காலை போர்டிகோவில் இருந்தேன். கார் வந்து நின்றது. கனகதுர்கா, கூட யாரும் இல்லை. பைப்பு பாதியில் இருக்கிறது. அணைப்பதா? கையில் வைத்துக்கொண்டே எழுந்து, வாங்க என்றேன். அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“அதேதானுங்களே இது?”

“அதேதானுங்க.”

“எங்க கரியில அந்த நாத்தம் நாறுனது, இங்க எப்படீங்க இப்படி மணக்குது?”

“அது மொத்தமா எரிச்சதுங்க. இது பதமா இழுக்கறது. உக்காருங்க.”

உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“சாமி ரூம ரெண்டு தடவ கழுவி உட்டனுங்க. மில்லுல அப்புசாமின்னு ஒரு வாயாடி, ‘ஏனுங்கம்மா, சாமி பீடி குடிக்கப் பழகிருச்சுங்களா’ங்கறான். தல காட்ட முடியல. அத்தனை கோவமுங்க எனக்கு. புகையிலைக்கு இல்லீங்க பெரியம்மா. பொண்ணு கேட்டு வந்த ஊட்டுல, சாமிக்குப் போடறதுலயே பொய்யச் சொல்லி அனுப்பிச்சுட்டாங்களேன்னு. வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் இருந்தேன். வம்சிதான், ‘பாட்டி என்ன சொன்னாங்கன்னு இன்னொருக்கா சொல்லும்மா’ன்னான். சொன்னேன். நான் வேணும்னேதானுங்க கேட்டேன், ஊட்டுக்காரருக்கான்னு. ஆமான்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.”

பிரேமலீலா காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

கனகதுர்கா அவளைப் பார்த்துவிட்டு, என்னிடமே சொன்னார். “இனி இந்தக் கல்யாணத்துல எது பேசறதா இருந்தாலும், தேதி, மண்டபம், சீரு எல்லாம், நான் பெரியம்மாகிட்டத்தானுங்க பேசுவேன். வேற யாருகிட்டயும் இல்ல.”

தட்டில் டம்ளர்கள் கலகலத்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்தத் தட்டின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

“பேசலாமுங்க” என்றேன். “ஆனா அவளையும் பக்கத்துல உக்கார வெச்சுத்தான் பேசுவேன். அவ பொய் சொன்னது புள்ள மேல இருக்கற பயத்துல. பெத்தவ பயந்தா வாய்க்கு வந்தது வரும். உங்களுக்கு வராதுங்களா?”

 அந்த அம்மா நாற்காலி ஒன்றை இழுத்து, “உக்காருங்க” என்றார் பிரேமலீலாவிடம்.

போகும்போது கைப்பையிலிருந்து வெள்ளிச் சிமிழை எடுத்துக் கொடுத்தார். மிச்சம் அப்படியே இருந்தது, காப்பித்தூள் மாதிரிக் காய்ந்து. பரவாயில்லை. பாட்டிலில் போட்டு, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு சேர்த்து மூடிவிட்டேன். இரண்டு நாளில் உயிர் வந்துவிடும்.

சாயங்காலக் காப்பியில் சர்க்கரை இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே.

9 மார்ச், ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தாம்பூலம் மாற்றிக்கொண்டது நானும் கனகதுர்காவும். இன்றைக்கு வேறு எதுவும் எழுத முடியாது, கால் வலி.

11 மார்ச், செவ்வாய்

நிச்சயத்தில் எடுத்த படத்தை அரங்கசாமி குடும்பக் குரூப்பில் போட்டிருக்கிறான். எல்லோரும் நிற்கிறார்கள், நடுவில் நான். படம் எடுக்கும்போது ஒரு பூச்செண்டை என் கையில் திணித்தான். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. கையில் அது இருந்தால் வேறு எதுவும் இருக்காதே. ஜெர்மனியிலிருந்து உதய், “அவ்வா யாருக்கு ஓட்டுக் கேக்கறாங்க?” என்று போட்டிருக்கிறான். ஷ்ரவ்யா சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளியிருக்கிறாள்.

பிரேமலீலா என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

“இதென்னங்க அத்தை, யாரோ மாதிரி இருக்கறீங்க!”

மானசாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் போர்டிகோவுக்கு இழுத்து வந்தாள். சாயங்கால வெயில். நாற்காலியைத் திருப்பினாள். சேலை மடிப்பைச் சரி செய்தாள். உள்ளே போய், பெரிய பைப்பை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள், இரண்டு விரலால், பல்லியைப் பிடிக்கிற மாதிரி.

“பத்த வெய்ங்க. இல்லீங்க, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். வெளிச்சத்துல பொகை தெரியோணுமுங்க.”

நிதானமாக ஒரு இழுப்பு இழுத்து, உதட்டோரமாக விட்டேன். சிரிக்கவில்லை, சிரித்தால் புகை கலையும். எடுத்ததைக் காட்டினாள். அதில் இருப்பது நான்தான்.

போனை மானசாவிடம் கொடுத்தேன்.

“அந்தப் பூச்செண்டுப் படத்த அழிச்சுரு கண்ணு. இதப் போடு. காங்கேயத்துக்காரங்களுக்கும் சேத்து அனுப்பு.”